கட்டுரைக்குள் படமும் அட்டவணையும்: ஸ்டைல் கிளாஸை எந்த வழியில் எழுதுவது?

ஒரு தளத்தின் தோற்றத்தை மூன்று வருடம் கழித்து மாற்றும்போது மெனுவும் தலைப்புப் பட்டையும் அரை நாளில் முடிந்துவிடும். அவை டெம்ப்ளேட் கோப்பில் ஒரே இடத்தில் இருக்கின்றன. நாள்கணக்கில் இழுப்பவை பழைய கட்டுரைகளுக்குள் கிடக்கும் படங்களும் அட்டவணைகளும்தான். எழுதியவர் அன்றைக்குப் படத்தின் மேல் என்ன போட்டாரோ, அது கட்டுரையோடு சேர்ந்து டேட்டாபேஸில் உறைந்துபோயிருக்கும். அதனால் படத்துக்கும் அட்டவணைக்கும் ஸ்டைல் கொடுக்கும் வழிகளை ஒப்பிடும்போது, எது அழகாக வருகிறது என்பதைவிட, எழுதிய சொல் எங்கே போய்ச் சேமிக்கப்படுகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

இன்று புழக்கத்தில் இருக்கும் வழிகள் ஐந்து: டேக்கின் (படம், அட்டவணை போன்றவற்றைக் குறிக்கும் எச்டிஎம்எல் குறி) மேலேயே ஸ்டைலை எழுதுவது, டேக் பெயரை வைத்துப் பொதுவிதி எழுதுவது, பூட்ஸ்ட்ராப் போன்ற தொகுப்பின் ஆயத்தக் கிளாஸ்கள் (கிளாஸ் என்பது டேக்குக்கு வைக்கும் பெயர்; அதற்கான விதி ஸ்டைல்ஷீட் என்ற தோற்ற விதிகளின் கோப்பில் இருக்கும்), டெயில்விண்ட் பாணித் துண்டுக் கிளாஸ்கள், நாமே வேலையின் பெயரால் வைக்கும் கிளாஸ்கள். கீழே சிஎஸ்எஸ் (தோற்ற விதிகளை எழுதும் மொழி) பண்புகளின் பெயர்களும் தொகுப்புகளின் கிளாஸ் பெயர்களும் ஒலிப்புப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும். நாமே வைக்கும் கிளாஸ் பெயர்கள் அப்படியல்ல. அவற்றைத் தமிழிலேயே இடலாம், பிரவுசர் ஏற்றுக்கொள்ளும். அதில் ஒரு பொறி இருக்கிறது, பின்னால் வருகிறது.

டேக்கின் மேலேயே எழுதுவது

இதன் மூத்த வடிவம் டேபிள் டேக்கில் பார்டர், செல்பேடிங், பிஜிகலர் என்று எழுதியது. எச்டிஎம்எல்5 இவற்றைக் காலாவதியானவை என்று ஒதுக்கிவிட்டது. பிரவுசர்கள் இன்னும் மதிக்கின்றன, ஆனால் முன்னுரிமையில் அவற்றுக்குக் கடைசி இடம். ஸ்டைல்ஷீட்டில் எல்லா டேக்குக்கும் பொதுவாக ஒரே ஒரு பேடிங் விதி இருந்தால்கூட செல்பேடிங் தோற்றுப்போகும். 'செல்பேடிங் 5 கொடுத்தேன், ஒன்றுமே மாறவில்லை' என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஸ்டைல் என்ற பண்புக்குள் எழுதுவது இதற்கு நேர் எதிர். அது கிளாஸ், டேக் விதிகள் அனைத்தையும் வென்றுவிடும்; 'இம்பார்ட்டன்ட்' போட்ட விதி மட்டுமே அதை மீறும். ஆனால் அதற்குள் மீடியா குவெரி (திரை அகலம் போன்றவற்றுக்கேற்ப மாறும் விதி) எழுத முடியாது, இரட்டைப்படை வரிசைக்கு நிறம் கொடுக்க முடியாது, இருள் தோற்றத்துக்கு வேறு நிறம் சொல்வதும் பெரும்பாலும் முடியாது. கடைசியாகச் சொன்னது வெறும் கோட்பாட்டுக் குறை அல்ல. 2024-ல் விக்கிப்பீடியா இருள் தோற்றத்தைக் கொண்டுவந்தபோது இடித்த இடங்களில் ஒன்று இதுதான். அட்டவணைக் கட்டத்தில் யாரோ வெளிர்மஞ்சள் பின்னணியை மட்டும் கையால் எழுதி, எழுத்தின் நிறத்தை எழுதாமல் விட்டிருப்பார். இருள் தோற்றத்தில் எழுத்து வெளுத்துவிடும், பின்னணி மஞ்சளாகவே நிற்கும், படிக்க முடியாது. வெறும் 'விக்கிடேபிள்' என்ற கிளாஸோடு நின்ற அட்டவணைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஸ்டைல்ஷீட்டில் அந்த ஒரு பெயருக்கான விதியை மாற்றினால் போதும்.

வேர்டிலிருந்தோ கூகுள் ஷீட்ஸிலிருந்தோ அட்டவணையை நகலெடுத்து ஒட்டினால், எழுதுபவருக்குத் தெரியாமலேயே ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்துரு, அளவு, கோடு எல்லாம் ஸ்டைலாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது வடிவமைப்பை நீக்கி ஒட்டும்படி எடிட்டரை அமைத்துவிடுவது நல்லது. பாதுகாப்புக்காக கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசியை (பக்கத்தில் எவற்றை அனுமதிக்கலாம் என்று தளம் பிரவுசருக்குச் சொல்லும் விதி) கடுமையாக வைத்திருக்கும் தளங்களில் இந்த ஸ்டைல்கள் சத்தமின்றித் தடுக்கப்படும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆனாலும் இந்த வழிக்கு இரண்டு இடங்களில் முழு நியாயம் உண்டு. ஒன்று, மின்னஞ்சல். விண்டோஸின் பழைய அவுட்லுக் அஞ்சலைக் காட்ட 2007 பதிப்பு முதல் வேர்டின் இன்ஜினைப் பயன்படுத்துகிறது. அதற்கு மேக்ஸ்-விட்த் புரியாது. படத்துக்கு விட்த் பண்பை எண்ணாகவே கொடுத்தாக வேண்டும். இன்னொன்று, தரவு. ஒரு கட்டத்துக்குள் 43% நீளத்துக்குப் பட்டை வரைய வேண்டும் என்றால் அந்த 43 தோற்றம் அல்ல, தகவல். '--நீளம்: 43%' என்று ஒரு மாறியாக மட்டும் டேக்கில் எழுதி, பட்டையின் நிறத்தையும் உயரத்தையும் ஸ்டைல்ஷீட்டில் வைத்துவிடலாம்.

டேக் பெயருக்குப் பொதுவிதி

எல்லாத் தளத்துக்கும் இது தேவை. தவிர்க்க வேண்டிய வழியே அல்ல. கட்டுரைப் பெட்டிக்குள் வரும் எந்தப் படத்துக்கும் மூன்று வரி: மேக்ஸ்-விட்த் 100%, ஹைட் ஆட்டோ, டிஸ்பிளே பிளாக். மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. முதல் வரி இல்லையென்றால் 1200 பிக்சல் படம் 360 பிக்சல் கைபேசித் திரையைத் தாண்டி வழியும். முதல் வரியைப் போட்டு இரண்டாவதை விட்டால் அகலம் சுருங்கும், டேக்கில் எழுதிய 800 பிக்சல் உயரம் அப்படியே நிற்கும்; முகங்கள் எல்லாம் ஒட்டடைக்கம்பு போல நீண்டுவிடும். மூன்றாவதை விட்டால் படத்துக்குக் கீழே சில பிக்சல் வெற்றிடம் தெரியும். படம் எழுத்தைப் போலவே வரியின் அடிக்கோட்டில் உட்காருவதால், எழுத்துகளின் கீழ்வாலுக்கு ஒதுக்கிய இடம் அது. மார்ஜினைத் துழாவிப் பயனில்லை.

இரண்டாவது வரிக்குப் பயந்து விட்த், ஹைட் பண்புகளையே டேக்கிலிருந்து எடுத்துவிடுபவர்கள் உண்டு. எடுக்க வேண்டாம். 2020 வாக்கில் இருந்து பிரவுசர்கள் அந்த இரண்டு எண்ணிலிருந்து விகிதத்தைக் கணக்கிட்டு, படம் இறங்குவதற்கு முன்பே இடம் ஒதுக்கிவைக்கின்றன. எண்கள் இல்லையென்றால், படம் வந்து விழும்போது படித்துக்கொண்டிருக்கும் பத்தி கீழே குதிக்கும்.

பொதுவிதியின் ஆபத்து முன்னுரிமைக் கணக்கில் இருக்கிறது. 'கட்டுரை' என்ற கிளாஸுக்குள் வரும் படம் என்று எழுதிய விதியின் எடை ஒரு கிளாஸும் ஒரு டேக்கும். 'படம்-சட்டம்' என்ற கிளாஸ் விதியின் எடை ஒரு கிளாஸ் மட்டும். பொதுவிதியில் பேடிங் 0 என்று எழுதியிருந்தால், சட்டத்துக்கு நீங்கள் கொடுத்த 4 பிக்சல் எங்கே எழுதினாலும் தோற்கும். இந்த இடத்தில் பலர் 'இம்பார்ட்டன்ட்' போட்டுவிடுகிறார்கள். அடுத்த சிக்கலுக்கு இன்னொரு 'இம்பார்ட்டன்ட்' தேவைப்படும். சரியான மருந்து, பொதுவிதியை ':வேர்()' (where) செலக்டருக்குள் வைப்பது. அதற்குள் இருக்கும் எதற்கும் எடை பூஜ்யம். 2021 முதல் எல்லா முக்கிய பிரவுசரிலும் வேலை செய்கிறது. 2022-ல் வந்த லேயர் விதியைக் கொண்டு பொதுவிதிகளை முழுவதுமாகக் கீழ் அடுக்கில் தள்ளிவிடுவது இன்னும் சுத்தம்.

அட்டவணைக்குப் பொதுவிதி எழுதும்போது கை சற்றுத் தயங்க வேண்டும். நாள்காட்டிப் பெட்டி, சில நீட்சிகள் செருகும் படிவங்கள் எல்லாம் டேபிள் டேக்கால் கட்டப்பட்டவையாக இருக்கலாம். டேபிள் என்றாலே கோடும் நிறமும் என்று எழுதினால் அவையும் கோடு போட்டுக்கொண்டு நிற்கும். பூட்ஸ்ட்ராப் வெறும் டேபிள் டேக்கைத் தொடாமல் 'டேபிள்' என்ற கிளாஸைத் தனியாகக் கேட்பது இந்தக் காரணத்துக்காகத்தான்.

ஆயத்தக் கிளாஸ்கள்

2011-ல் ட்விட்டரில் இருந்து வெளிவந்த பூட்ஸ்ட்ராப்பின் பலம் வேகம். 'டேபிள் டேபிள்-ஸ்டிரைப்ட்' என்று இரண்டு சொல் போட்டால் வரிக்கோடிட்ட அட்டவணை. 'இமேஜ்-ஃப்ளூயிட்' (img-fluid) போட்டால் திரைக்குள் அடங்கும் படம். நிர்வாகப் பக்கங்கள், உள் அலுவலகக் கருவிகள் போன்ற, டெம்ப்ளேட் மட்டுமே உள்ள இடங்களில் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கட்டுரைக்குள் இந்தப் பெயர்களை எழுதுவதுதான் தவறு. 3-ஆம் பதிப்பில் 'இமேஜ்-ரெஸ்பான்சிவ்' என்று இருந்தது 4-ல் 'இமேஜ்-ஃப்ளூயிட்' ஆனது. படத்தை இடப்பக்கம் ஒதுக்கும் கிளாஸ் 3-ல் 'புல்-லெஃப்ட்', 4-ல் 'ஃப்ளோட்-லெஃப்ட்', 5-ல் 'ஃப்ளோட்-ஸ்டார்ட்'. நெருக்கமான அட்டவணை 'டேபிள்-கண்டென்ஸ்ட்' ஆக இருந்து 'டேபிள்-எஸ்எம்' ஆகிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் டெம்ப்ளேட்டில் தேடி மாற்றுவது ஒரு நிமிட வேலை, டேட்டாபேஸில் உறைந்த ஆயிரம் கட்டுரையில் மாற்றுவது அப்படியல்ல.

அட்டவணையில் இன்னொன்றும் இடிக்கும். 5.3-ல் பின்னணி நிறம் வரிசையில் இல்லை, ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கிறது. வரிசைக்கு நீங்கள் கொடுக்கும் பின்னணி கட்டங்களுக்கு அடியில் மறைந்துவிடும். அந்த வரிசையில் பூட்ஸ்ட்ராப்பின் டேபிள்-பிஜி மாறியை மாற்றினால்தான் நிறம் வெளியே தெரியும்.

துண்டுக் கிளாஸ்கள்

2017-ல் வந்த டெயில்விண்டில் ஒரு கிளாஸ் ஒரு பண்பு. 'பி-4' என்றால் 1 ரெம், அதாவது வழக்கமான அமைப்பில் 16 பிக்சல் பேடிங். கூறுகளாகப் பிரித்து எழுதும் செயலிகளில் இது நன்றாக உட்காருகிறது: படத்தின் தோற்றம் ஒரே கூறுக் கோப்பில் இருக்கும், வேறு எங்கும் தேட வேண்டாம். பயன்படுத்திய கிளாஸ்கள் மட்டுமே இறுதி சிஎஸ்எஸ் கோப்பில் சேர்வதால் கோப்பும் சிறியது.

அந்தச் சேர்க்கும் முறைதான் கட்டுரைக்கு எதிரியாகிறது. டெயில்விண்ட் மூலக் கோப்புகளை வெறும் எழுத்தாகப் படித்து, முழுதாகத் தென்படும் கிளாஸ் பெயர்களுக்கு மட்டும் விதி உருவாக்குகிறது. டேட்டாபேஸில் இருக்கும் கட்டுரை அதன் கண்ணில் படாது. ஆசிரியர் எடிட்டரில் 'ரவுண்டட்-எல்ஜி' போட்டால், அந்தப் பெயர் டெம்ப்ளேட்டிலும் எங்கோ இருந்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது. ஒரு பக்கத்தில் வருகிறது, டெம்ப்ளேட்டை மாற்றியதும் காணாமல் போகிறது என்ற மர்மத்தின் விடை இதுவே. புரோகிராமில் நிறத்தின் பெயரை ஒட்டவைத்துக் கிளாஸ் உருவாக்கினாலும் இதே கதை. பதிப்பு மாற்றமும் இங்கே கூடுதல் நயவஞ்சகம்: 2025-ல் வந்த 4-ஆம் பதிப்பில் 'ரவுண்டட்-எஸ்எம்' என்ற பெயர் நீடிக்கிறது, அளவு மட்டும் 2 பிக்சலில் இருந்து 4 ஆகிவிட்டது. பழைய 2 பிக்சலுக்கு இப்போது 'ரவுண்டட்-எக்ஸ்எஸ்'.

அட்டவணைக்கு இந்த வழி கனமானது. 20 வரிசை, 5 நிரல் என்றால் 100 கட்டம். ஒவ்வொன்றிலும் நான்கு கிளாஸ் எழுதினால் 400 சொல். தாய் டேக்கிலேயே 'உள்ளே வரும் எல்லாக் கட்டத்துக்கும்' என்று எழுத வழி உண்டு, ஆனால் அந்த எழுத்துக்கோவையைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் சாதாரண சிஎஸ்எஸ் விதி ஒன்றை எழுதிவிடலாம். டெயில்விண்ட் தளத்தில் கட்டுரைப் பகுதிக்கு அவர்களே தரும் 'புரோஸ்' கிளாஸை வெளிப்பெட்டியில் போட்டு, உள்ளே துண்டுக் கிளாஸ் எதுவும் இல்லாமல் விடுவதே சரி.

வேலையின் பெயரால் கிளாஸ்

கட்டுரைக்குள் எழுதப்படும் படத்துக்கும் அட்டவணைக்கும் எங்கள் தேர்வு இதுதான். 'சிவப்புச்சட்டம்', 'அகலம்-300' என்று தோற்றத்தைச் சொல்லாமல், அந்தப் படம் கட்டுரையில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பெயராக வைப்பது. வேர்ட்பிரஸின் 'அலைன்லெஃப்ட்', 'அலைன்ரைட்' தோற்றப் பெயர்களே என்றாலும் ஒரு பாடம் சொல்கின்றன. தீம் எதுவானாலும் அந்தப் பெயருக்கு விதி எழுதுவது தீமின் பொறுப்பு என்று ஒப்பந்தம் வைத்ததால், தீம் மாறினாலும் பழைய கட்டுரையின் படம் இடம் மாறுவதில்லை. நம் பெயர்களுக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் வேண்டும், பட்டியல் சிறியதாக இருக்க வேண்டும்.

செய்தி, சமையல், பயிற்சிக் கட்டுரைகள் வெளியிடும் தளத்துக்குப் படத்தில் நான்கு போதும். 'படம்-முதன்மை' கட்டுரையின் தலைப்படம், முழு அகலம். 'படம்-துணை' பத்திக்குப் பக்கவாட்டில் நிற்பது. 'படம்-வரைபடம்' கோட்டோவியம், விளக்கப்படம். 'படம்-திரை' மென்பொருளின் திரைப்பிடிப்பு.

இவற்றில் துணைப்படத்துக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஃப்ளோட் செய்து (படத்தை ஓரமாக ஒதுக்கி, எழுத்தை அதன் பக்கத்தில் ஓடவிட்டு) 40% அகலம் கொடுப்பது வழக்கம். 360 பிக்சல் திரையில் இருபுறமும் 16 பிக்சல் ஓரம் போனால் 328. அதில் படம் 131, இடைவெளி 16. எழுத்துக்கு மிஞ்சுவது 181 பிக்சல். 18 பிக்சல் எழுத்துருவில் வரிக்குப் பத்துப் பன்னிரண்டு தமிழ் எழுத்துகூட நிற்காது. 'ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது' என்ற ஒரே சொல்லுக்கு 16 எழுத்து. அதனால் 600 பிக்சலுக்கு மேல் மட்டுமே ஃப்ளோட் என்று எழுதுங்கள், கீழே போனால் முழு அகலம். பத்தி சிறியதாகி ஃப்ளோட் படம் அடுத்த பகுதிக்குள் தொங்கினால், சுற்றியிருக்கும் பெட்டிக்கு டிஸ்பிளே ஃப்ளோ-ரூட் கொடுத்தால் அடங்கும்.

வரைபடத்துக்குத் தனிக் கிளாஸ் ஏன் என்று கேட்கலாம். பின்னணி ஊடுருவும் பிஎன்ஜி கோப்பில் கருப்புக் கோடுகள் இருந்தால் இருள் தோற்றத்தில் படமே காணாமல் போகும். 'படம்-வரைபடம்' என்ற பெயர் இருந்தால் வெள்ளைப் பின்னணியும் 8 பிக்சல் பேடிங்கும் ஒரே விதியில் எல்லாப் பழைய வரைபடத்துக்கும் கொடுத்துவிடலாம். இருள் தோற்றம் வரும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க வேண்டியதில்லை. இது வரைபடம் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். திரைப்பிடிப்புக்கு 1 பிக்சல் சாம்பல் கோடு. இல்லாவிட்டால் வெள்ளைத் திரை வெள்ளைப் பக்கத்தில் கரைந்துவிடும்.

கிளாஸைப் படத்தின் மேல் போடாமல் அதைச் சுற்றிய ஃபிகர் டேக்கின் மேல் போடுங்கள். படக்குறிப்பும் அதோடு சேர்ந்து நகரும். பழைய வேர்ட்பிரஸ் கட்டுரைகளில் படக்குறிப்புப் பெட்டியின் மேல் 'விட்த்: 310 பிக்சல்' என்று ஸ்டைல் எழுதப்பட்டிருக்கும். படத்துக்கு மட்டும் மேக்ஸ்-விட்த் கொடுத்துப் பயனில்லை. அந்தப் பெட்டிக்கும் மேக்ஸ்-விட்த் 100% கொடுக்க வேண்டும். அது வேறு பண்பு என்பதால் டேக்கின் மேல் இருக்கும் விட்த்தையும் கட்டுப்படுத்தும்.

அட்டவணைக்கு வரும்போது

அட்டவணைக்கு 'அட்டவணை' என்ற அடிப்படைக் கிளாஸும், 'அட்டவணை-விலை', 'அட்டவணை-ஒப்பீடு', 'அட்டவணை-நேரம்' போன்ற இரண்டு மூன்று வேலைப் பெயர்களும் வைத்தால் சரியாக இருக்கும். விலை அட்டவணையில் கடைசி நிரல் வலப்பக்கம் ஒட்ட வேண்டும், இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்க வேண்டும். நிரலைக் குறிக்கும் 'கால்' (col) டேக்கில் ஒரு கிளாஸ் போட்டு நிரல் முழுவதையும் வலப்பக்கம் தள்ளலாம் என்று தோன்றும், நடக்காது. அந்த டேக் பின்னணி, பார்டர், அகலம், மறைத்தல் இவற்றை மட்டுமே கட்டங்களுக்குக் கடத்தும். 'கடைசிக் கட்டம்' என்ற செலக்டரில் டெக்ஸ்ட்-அலைன் வலம், ஃபான்ட்-வேரியன்ட்-நியூமரிக் டேபுலர்-நம்ஸ் என்று இரண்டு வரி எழுதினால் தீர்ந்தது. நிரலை எண்ணால் குறிப்பிடும் விதிகள், கட்டங்களை இணைத்த வரிசையில் தடுமாறும்: முதல் இரண்டு கட்டத்தை ஒன்றாக்கினால் மூன்றாம் நிரலின் கட்டம் அந்த வரிசையில் இரண்டாவதாகிவிடும்.

வரிக்கோட்டு நிறத்துக்குத் தலைப்பு வரிசையைத் தனியே டிஹெட் டேக்குக்குள் வையுங்கள். மற்ற வரிசைகளுக்கான டிபாடி டேக்குக்குள்ளேயே தலைப்பு இருந்தால் எண்ணிக்கை ஒன்று தள்ளிப்போகும்.

அகலமான அட்டவணையைக் கைபேசியில் அடக்க, டேபிள் டேக்குக்கே டிஸ்பிளே பிளாக் கொடுத்து உருளவிடும் குறுக்குவழி பரவலாக இருக்கிறது. சில பிரவுசர்களில் அதோடு அட்டவணை என்ற பொருளே போய்விடும்; திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு வரிசை, நிரல் எதுவும் சொல்லப்படாது. வெளியே ஒரு டிவ், 'அட்டவணை-உருளி' என்று கிளாஸ், அதற்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ: இதுவே முறை. விசைப்பலகையால் நகர்த்துபவருக்காக டேப்-இண்டெக்ஸ் 0, ரோல் ரீஜன், ஒரு ஏரியா-லேபிள் மூன்றையும் அந்த டிவ்வில் சேருங்கள்.

உருளிக்குள் தலைப்பு வரிசையை ஒட்டி நிற்க வைக்க முயன்றால் நிற்காது. ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ ஆனதும் ஓவர்ஃப்ளோ-ஒய்யும் ஆட்டோ ஆகிவிடுவதால், தலைப்பு பக்கத்தோடு ஒட்டாமல் உருளியோடு ஒட்டுகிறது. உருளியோ மேல்கீழாக உருள்வதில்லை. உருளிக்கு மேக்ஸ்-ஹைட்டாகத் திரை உயரத்தில் 70% கொடுத்தால் நிற்கும். அல்லது தலைப்பை விட்டுவிட்டு முதல் நிரலை இடப்பக்கம் ஒட்டுங்கள். கைபேசியில் வாசகருக்கு அதுதான் அதிகம் பயன்படும். எப்படி ஒட்டினாலும் அந்தக் கட்டங்களுக்குப் பின்னணி நிறம் வேண்டும், பார்டர்-கொலாப்ஸ் செபரேட் ஆகவும் இடைவெளி 0 ஆகவும் இருக்க வேண்டும். கொலாப்ஸ் ஆக இருந்தால் கட்டம் நிற்கும், கோடு நகர்ந்து போய்விடும்.

நீண்ட தமிழ்ச் சொற்கள் ஒரு நிரலை ஊதவைத்தால் ஓவர்ஃப்ளோ-ராப் பண்புக்கு 'எனிவேர்' மதிப்பைக் கொடுங்கள். 'பிரேக்-வேர்ட்' மதிப்பு இங்கே உதவாது. நிரலின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அது கணக்கில் எடுக்கப்படுவதில்லை. கட்டத்துக்குள் சிறுபடம் வைத்தால் சதவீதத்தை நம்பாமல் 64 பிக்சல் என்று அளவாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் பொதுவிதியின் 100% அதைப் பொட்டு அளவுக்குச் சுருக்கிவிடலாம்.

தமிழ்ப் பெயரின் பொறி

'படக்கொத்து' என்று ஒரு கிளாஸ் வைத்திருக்கிறீர்கள். அதில் வரும் 'கொ'வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சிஎஸ்எஸ் அவற்றை ஒன்றாக்கிப் பார்ப்பதில்லை. எழுதுபவரின் கருவி ஒரு விதமாகவும் ஸ்டைல்ஷீட் எழுதியவரின் கருவி வேறு விதமாகவும் சேமித்தால் கிளாஸ் பொருந்தாது. மணிக்கணக்கில் பார்த்தாலும் பிழை தெரியாது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வராத பெயராக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மேலே சொன்ன மற்ற பெயர்கள் அப்படிப்பட்டவையே. வேர்ட்பிரஸில், கிளாஸ் பெயரைச் சுத்தம் செய்யும் அதன் உட்செயற்கூறு வழியாகப் போனால் தமிழ் எழுத்துகள் எல்லாம் நீக்கப்பட்டு வெறும் இணைப்புக்கோடு மிஞ்சும். உங்கள் தீமும் நீட்சிகளும் எதைச் செய்கின்றன என்று ஒரு கட்டுரையில் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். சந்தேகம் இருந்தால் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஸ்டைல்களில் இருந்து மாறுவது

முதலில் டேட்டாபேஸை நகலெடுத்து வையுங்கள். கட்டுரைகளுக்குள் படம், டேபிள், கட்டம் இவற்றின் மேல் எழுதிய ஸ்டைல்களை மட்டும் பட்டியலாக எடுத்து எண்ணிப் பாருங்கள். ஒரே சில கோவைகள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். ஒவ்வொரு கோவைக்கும் ஒரு வேலைப் பெயரைப் பொருத்தி, முதல் சுற்றில் கிளாஸை மட்டும் சேருங்கள், ஸ்டைலை நீக்காதீர்கள். புதிய ஸ்டைல்ஷீட் வெளியானபின் இரண்டாம் சுற்றில் நீக்குங்கள். வேர்ட்பிரஸில் கட்டுரை உடலில் இப்படித் தேடி மாற்றுவது சரி. ஆனால் டேட்டாபேஸின் மெட்டா அட்டவணையில் (கட்டுரையோடு சேர்ந்த கூடுதல் தகவல்கள் இருக்கும் இடம்) வெறும் எழுத்து மாற்றம் செய்யக் கூடாது. அங்கே பல மதிப்புகள் நீள எண்ணோடு கட்டிச் சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்து கூடிக் குறைந்து அந்த எண் பொருந்தாமல் போனால் முழு மதிப்பும் படிக்க முடியாததாகிவிடும்.

மாற்றியபின் 360 பிக்சல் அகலத்தில் ஒரு முறை, இருள் தோற்றத்தில் ஒரு முறை, அச்சு முன்காட்சியில் ஒரு முறை பாருங்கள். அச்சைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரையில் உருளும் அட்டவணை தாளில் உருளாது. வலப்பக்க நிரல்கள் வெட்டுப்பட்டுப் போகும். அச்சுக்கான விதியில் 'அட்டவணை-உருளி'க்கு ஓவர்ஃப்ளோ விசிபிள், மேக்ஸ்-ஹைட் நன் (none) என்று எழுதி, எழுத்தை 9 பாயிண்டுக்கு இறக்கினால் ஐந்தாறு நிரல் ஏ4 தாளில் பெரும்பாலும் அடங்கும்.